ஜூன் 31: நடவாத நாள்களின் நாளிதழ்கள்

(சற்று நீண்ட பதிவு. ஓய்வாக இருக்கும்போது வாசிக்கலாம்.)

பழைய நாளிதழ்த் தலைப்புகளை எடுத்துக்கொண்டு, 'வரலாறு வேறு பக்கம் திரும்பியிருந்தால் இத்தலைப்பு எப்படி அச்சாகியிருக்கும்?' என்று எழுதிப் பார்க்கும் விளையாட்டு இப்போது இணையத்தில் பரவலாக நடக்கிறது. மஞ்சளேறிய தாளின் சாயல், தேய்ந்த அச்செழுத்து, ஓரத்தில் ஒரு தேதி, நடுவில் நடவாத ஒன்று நடந்துவிட்டதாகக் கொட்டை எழுத்தில் ஒரு வரி. பார்த்ததும் சிரித்துவிட்டுக் கடந்துபோகிறோம். இவ்விளையாட்டுக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் சிரிப்புடன் பீதியும் சிறையும் சாவும் கலந்திருக்கின்றன. மொழியியல் பயின்ற எனக்கு இதில் இன்னொரு ஈர்ப்பும் உண்டு: இந்த நகைச்சுவை முழுவதும் ஒரேயொரு இலக்கண உறுப்பை மறைத்துவைப்பதில் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

1. காணாமற்போன 'இருந்தால்'

'மழை பெய்தால் போகமாட்டேன்' என்பது ஒரு நிபந்தனை. பழைய இலக்கணம் 'செயின்' என்னும் வாய்பாட்டு வினையெச்சத்தில் இதனை அடக்கும். 'மழை பெய்திருந்தால் போயிருக்கமாட்டேன்' என்பது வேறு. முன்னதில் வானம் இன்னும் முடிவு செய்யவில்லை. பின்னதில் எல்லாம் முடிந்துவிட்டது. மழை பெய்யவில்லை, நான் போய்விட்டேன். நடந்ததை மாற்ற இயலாது என்று அறிந்தே மாற்றிப் பார்க்கும் இவ்வடிவத்தைத் தமிழில் தாங்கி நிற்பது 'இரு' என்னும் சிறிய துணைவினை. இந்தியில் 'ஹோதா தோ' என்று, துணைவினையே இல்லாத எச்சவடிவம் இப்பணியைச் செய்கிறது. ஆங்கிலம் இறந்தகாலத்தை இன்னும் ஒரு படி பின்னுக்குத் தள்ளிச் சொல்கிறது. வழிகள் வெவ்வேறாயினும் இம்மொழிகள் மூன்றும் கேட்பவரிடம் ஒன்றையே தெரிவிக்கின்றன: 'இது நடக்கவில்லை, கற்பனையாகச் சொல்கிறேன்.'

நாளிதழ்த் தலைப்புக்கு இந்த மரியாதை தெரியாது. அதில் நிபந்தனை வாக்கியத்துக்கு இடமில்லை. வேற்றுமை உருபுகள் உதிரும். வினை முன்னுக்கு ஓடிவரும். 'வென்றார்', 'கவிழ்ந்தது', 'ராஜினாமா' என்று அடித்துச் சொல்லும். எனவே மாற்று வரலாற்றுத் தலைப்பு என்பது, 'இருந்தால்' என்ற பாதியை வெட்டி எறிந்துவிட்டு, 'இருப்பார்' என்ற மீதியையும் 'வென்றார்' என்று திருத்திவிட்ட வாக்கியம். வெட்டியெறிந்த பாதியை வாசகர் தம் மனத்தில் மீட்டெடுத்தால் சிரிப்பு வருகிறது. மீட்டெடுக்க இயலாவிட்டால் அது வெறும் பொய். இந்த வகைமையின் அழகும் ஆபத்தும் இந்த ஒரு வேறுபாட்டிலேயே இருக்கின்றன.

2. ஓரிரவு மட்டும் அதிபராயிருந்தவர்

இவ்வகையின் மூதாதை நகைச்சுவையாக எழுதப்பட்டதே அன்று. 1948 நவம்பர் 2 அன்று அமெரிக்க அதிபர் தேர்தல். மறுநாள் தேதியிட்ட 'சிகாகோ டெய்லி ட்ரிப்யூன்' முதற்பக்கத்தில், ட்ரூமனை டூயி வீழ்த்தினார் என்று முழு அகலத்துக்குத் தலைப்பு போட்டது. வென்றவர் ட்ரூமன். தேர்வாளர் வாக்குகள் அவருக்கு 303, டூயிக்கு 189.

இத்தவற்றின் பின்னணி, தவற்றைவிடச் சுவையானது. அச்சுக்கோப்பாளர்கள் ஓராண்டாக வேலைநிறுத்தத்தில் இருந்தனர். ஆகவே செய்திகளைத் தட்டச்சு செய்து, அதைப் படமெடுத்து, அப்படத்திலிருந்து அச்சுத்தகடு செய்யும் சுற்றுவழியை அவ்விதழ் கைக்கொண்டிருந்தது. அதற்கு நேரம் பிடிக்கும். எனவே முதற்பதிப்பை வழக்கத்தைவிடப் பல மணி நேரம் முன்னதாகவே அச்சுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. வாக்குகள் எண்ணப்படாத வேளையில் யாரை நம்புவது? வாஷிங்டன் செய்தியாளர் ஆர்தர் சியர்ஸ் ஹென்னிங்கை நம்பினர். இருபது ஆண்டுகளில் நடந்த ஐந்து அதிபர் தேர்தல்களில் நான்கைச் சரியாகச் சொன்னவர் அவர். கருத்துக்கணிப்பாளர்களும் டூயியே வெல்வார் என்றிருந்தனர். அவர்களுள் ரோப்பர், முடிவு தெரிந்துவிட்டதென்று செப்டம்பரிலேயே கணிப்பை நிறுத்திக்கொண்டவர். ஏறக்குறைய 1,50,000 படிகள் அச்சான பிறகே இதழ் விழித்துக்கொண்டது.

இரண்டு நாள் கழித்து, செயின்ட் லூயிஸ் நிலையத்தில் நின்ற இரயிலின் பின்மேடையிலிருந்து ட்ரூமன் அவ்விதழை உயர்த்திப் பிடித்துச் சிரிக்கும் படம் உலகறிந்தது. அந்தச் சிரிப்புக்கு உரிமை அவருக்கு உண்டு. அவ்விதழ் முன்னொருமுறை அவரை 'மடையர்' என்னும் பொருள்பட எழுதியிருந்தது.

இங்கே தமிழ் இதழாளர்களின் ஒரு வழக்கத்தை மெச்சத் தோன்றுகிறது. நம் தலைப்புகளில் 'கூட்டணி முறிவு?' என்று ஒரு வினாக்குறி வரும். அது வினவுவதற்கான குறி அன்று. 'பிற்பாடு எங்களைக் கேட்காதீர்கள்' என்பதற்கான குறி. அந்த ஒற்றைக் குறியைச் சிகாகோவுக்கு ஏற்றுமதி செய்திருந்தால் 'ட்ரிப்யூன்' மானம் தப்பியிருக்கும். ஆனால் அத்தலைப்பு உண்மையாகவே ஆகியிருந்தால் என்ன நடந்திருக்கும்? மறுநாள் அதில் மீன் பொதிந்திருப்பார்கள். பொய்த்துப்போனதால்தான் அவ்விதழ் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

தேர்தலுக்குப் பின் 'வாஷிங்டன் போஸ்ட்' தன் கட்டடத்தில் ஓர் அறிவிப்பு வைத்தது: அதிபர் பரிமாற ஆயத்தமானதும் தாங்கள் காக்கைக்கறி உண்ண ஆயத்தம் என்று. ஆங்கில மரபில் காக்கைக்கறி உண்பதென்றால் தோல்வியை ஒப்பிக்கொள்வது. விருந்து நடக்கவில்லை, எவரும் காக்கை தின்பதைக் காண விருப்பமில்லை என்று ட்ரூமன் பெருந்தன்மையாக மறுத்துவிட்டார். ஆனால் எழுதியதை உண்மையாகவே தின்ற இதழாசிரியர் ஒருவர் உண்டு. அவரிடம் பின்னர் வருவோம்.

3. சிரிக்க முடியாத தலைப்பு

'ட்ரிப்யூன்' தவற்றில் புண்பட்டது ஓர் இதழின் பெருமை மட்டுமே. 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் டைட்டானிக் மூழ்கியது. 1,500க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அன்று நியூயார்க்கின் 'ஈவ்னிங் சன்' இதழ், மோதலுக்குப் பின் டைட்டானிக்கில் இருந்த அனைவரும் காப்பாற்றப்பட்டனர் என்று தலைப்பிட்டது. கம்பியில்லாத் தந்தியில் வெவ்வேறு கப்பல்களைப் பற்றிய துண்டுச் செய்திகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டதே காரணம் என்பர். வினாவாகக் கேட்கப்பட்டது விடையாக வாசிக்கப்பட்டது.

அந்த மாலையில் நியூயார்க்கில் பல குடும்பங்கள், கப்பல் மோதியும் எவரும் சாகாத ஒரு மாற்று வரலாற்றில் சில மணி நேரம் வாழ்ந்தன. பிறகு அதிலிருந்து வெளியேற்றப்பட்டன. மாற்று வரலாறு எழுதுவோர் இத்தலைப்பை எப்போதும் கண்முன் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு பொய்த்தலைப்பு கொடியதாவதற்குக் கெட்ட செய்தியைத் தாங்கியிருக்க வேண்டியதில்லை.

4. பாதிரியாரும் பனிப்பொழிவும்

தெரிந்தே நகைச்சுவையாக இதைச் செய்தவர்களில் முதன்மையானவர் ரொனால்ட் நாக்ஸ். கத்தோலிக்கப் பாதிரியார், துப்பறியும் கதைகளும் எழுதியவர். 1926 ஜனவரி 16 அன்று எடின்பரோவிலிருந்து பி.பி.சி. வானொலியில் அவர் ஒரு கேலிச் செய்தியறிக்கை வாசித்தார். வேலையற்றோர் கூட்டம் லண்டனில் கலகம் செய்கிறது. தேசிய ஓவியக்கூடம் சூறையாடப்படுகிறது. பிக் பென் கோபுரம் குண்டுவீச்சில் சரிகிறது. போக்குவரத்து அமைச்சர் கம்பத்தில் தூக்கிலிடப்படுகிறார். கலகத்துக்குத் தலைமை தாங்குபவர், நாடக அரங்கு வரிசைகளை ஒழிப்பதற்கான தேசிய இயக்கத்தின் செயலாளர் திரு. பாப்பிள்பெரி. பிக் பென் இல்லாததால், அன்றைய நேரம் எடின்பரோவில் லெஸ்லி மாமாவின் கைக்கடிகாரத்தைக் கொண்டு அறிவிக்கப்படும் என்றும் சொல்லப்பட்டது.

இது கேலி என்ற அறிவிப்பு தொடக்கத்தில் வந்தது. நடுவில் வானொலியைத் திருகியவர்களுக்கு அது எட்டவில்லை. அதற்குமேல் பனிப்பொழிவு, பல ஊர்களுக்கு மறுநாள் செய்தித்தாள் போய்ச்சேரவில்லை. தாள் வராததே லண்டன் வீழ்ந்ததற்குச் சான்றாகிவிட்டது. நகைச்சுவையைத் தூக்கிநிறுத்த வேண்டிய 'இருந்தால்' பனியில் புதைந்தது. நான்கு மாதங்களுக்குள், அதே ஆண்டு மே மாதம், பிரிட்டனில் உண்மையாகவே பொது வேலைநிறுத்தம் நடந்தது. அது கலகமாகவில்லை, ஒன்பது நாளில் முடிந்தது.

1931இல் ஜே. சி. ஸ்கொயர் என்பவர், வரலாறு வேறாக நடந்திருந்தால் என்ற பொருளில் ஒரு கட்டுரைத் தொகுப்பைப் பதிப்பித்தார். அதில் நாக்ஸின் பங்களிப்பு, அந்தப் பொது வேலைநிறுத்தம் வென்றிருந்தால் என்பது. அதனை அவர் கட்டுரையாக எழுதவில்லை. தொழிற்சங்கங்களின் ஆட்சியில் வெளிவரும் 'தி டைம்ஸ்' நாளிதழின் பக்கங்களாகவே எழுதினார். இதழின் தேதி: 1930 ஜூன் 31.

ஜூனுக்கு 30 நாள்களே உண்டு. இதைத்தான் இப்பதிவின் தலைப்பாக வைத்தேன். ஐந்தாண்டுக்கு முன் வானொலியில் ஏற்பட்ட குழப்பம் மீண்டும் நேராதபடி, நடவாத நிகழ்ச்சிகளை நாட்காட்டியில் இல்லாத ஒரு நாளில் அவர் வைத்துவிட்டார். எவ்வளவு அவசரமாகப் புரட்டினாலும், எந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினாலும், எவ்வளவு பனி பெய்தாலும் அந்தத் தேதி அங்கேயே இருக்கும். வெட்டியெறிந்த 'இருந்தால்' ஒரு மூலையில் எண்ணாக ஒளிந்திருக்கிறது.

அதே தொகுப்பில் வின்ஸ்டன் சர்ச்சிலின் கட்டுரையும் உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1863இல் கெட்டிஸ்பர்கில் தளபதி லீ தோற்றார். சர்ச்சில் வைத்த தலைப்பு: 'லீ கெட்டிஸ்பர்கில் வென்றிராவிட்டால்'. கவனியுங்கள், 'வென்றிருந்தால்' அன்று, 'வென்றிராவிட்டால்'. லீ வென்றுவிட்ட ஓர் உலகில் அமர்ந்துகொண்டு, அவர் தோற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனை செய்யும் வரலாற்றாசிரியர் எழுதியதாக அமைந்தது அது. நம் உலகம் அவருடைய கற்பனை. ஓர் எதிர்மறை இடைநிலையில் இத்தனை பெரிய கதவைத் திறந்ததற்காகவே அவரை மொழியியல் மாணவர்கள் மன்னிக்கலாம். வேறு பலவற்றுக்காக மன்னிக்க வேண்டியதில்லை.

இவ்வகைச் சிந்தனையின் மூலவர் உரோம வரலாற்றாசிரியர் லிவி. அலெக்சாண்டர் மேற்கே திரும்பி உரோமைத் தாக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் தம் நூலின் ஒன்பதாம் பகுதியில் விரிவாக ஆராய்கிறார். முடிவு: உரோமே வென்றிருக்கும். ஆய்வாளர் உரோமர் என்பதை நினைவிற் கொள்க.

5. உயிரைக் கொடுத்த பகடி

1943. பெல்ஜியம் ஜெர்மானியப் படையின் பிடியில் இருந்தது. பிரஸ்ஸல்ஸின் புகழ்பெற்ற மாலையிதழ் 'ல சுவார்' ஆக்கிரமிப்பாளரின் கட்டுப்பாட்டில் வெளிவந்துகொண்டிருந்தது. மக்கள் அதைத் 'திருடப்பட்ட சுவார்' என்றே அழைத்தனர். எதிர்ப்பியக்கத்தைச் சேர்ந்த மார்க் ஒப்ரியோனுக்கு அக்டோபரில் ஒரு யோசனை தோன்றியது: அதே வடிவம், அதே எழுத்துரு, அதே பத்திகளுடன் ஒரு பொய்ச் 'சுவார்' அச்சிட்டுக் கடைகளில் சேர்ப்பது. மூன்று வாரத்துக்குள் அது நிறைவேறியது. நவம்பர் 9 மாலை, ஏறத்தாழ 5,000 படிகள் வழக்கமான கடைகளுக்கே போய்ச்சேர்ந்தன. மொத்தம் அச்சானவை 50,000.

கசங்கிய கோட்டுடன் வேலை முடிந்து வந்தவர்கள், வழக்கம்போல் காசு கொடுத்து வாங்கி, இரண்டாம் வரியில் நின்று, அக்கம்பக்கம் பார்த்திருப்பார்கள். ஜெர்மானியப் போர் அறிக்கைகளின் பின்வாங்கலை வெற்றியாக்கும் நடையை, ஒரு சொல்கூட உரத்துப் பேசாமல் அப்படியே நீட்டியிருந்தார்கள். படை பின்னேறுவது எவ்வளவு திறமையான போர்த்தந்திரம் என்று அறிக்கை விளக்கியது. பகடியின் கூர்மையே அதில்தான் இருந்தது. மாற்ற வேண்டியது மிகக் குறைவு. உண்மை அறிக்கையே முக்காற்பகுதி பகடி.

பின்விளைவு பகடியாக இல்லை. தாளையும் அச்செழுத்தையும் வைத்துக் காவலர்கள் அச்சகத்தைக் கண்டுபிடித்தனர். பலர் கைதாயினர். அச்சக உரிமையாளர் பெர்டினான் வெல்லென்ஸ் வதைமுகாமிலிருந்து உயிருடன் திரும்பவில்லை. ஒரு மாலை நேரச் சிரிப்புக்கு அவர் கொடுத்த விலை அது. 'வெறும் நகைச்சுவைதானே' என்று எவரேனும் சொல்லும்போதெல்லாம் எனக்கு அவர் பெயர் நினைவுக்கு வருகிறது.

6. நம் நாட்டில்

இந்தியாவில் இம்மரபு அச்சின் தொடக்கத்திலேயே இருக்கிறது. 1780 ஜனவரி 29 அன்று கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய 'பெங்கால் கெசட்', வாரன் ஹேஸ்டிங்ஸ் உள்ளிட்டோரைப் பட்டப்பெயரிட்டுக் கேலி செய்தது. ஹிக்கி சிறை சென்றார். இரண்டாண்டுக்குச் சற்றுப் பின் அச்சகம் பறிக்கப்பட்டது.

இருநூறாண்டு கழிவதற்குள் அது மீண்டும் நடந்தது. 1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. தணிக்கை வந்தது. அந்நாள்களில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பம்பாய்ப் பதிப்பின் வரி விளம்பரப் பகுதியில் ஒரு மரண அறிவிப்பு வெளியானது. இறந்தவர் பெயர் டி.இ.எம். ஓ'கிரஸி. மனைவி டி. ரூத், மகன் எல்.ஐ. பெர்ட்டி. முதலெழுத்துகளைச் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் ஜனநாயகம், உண்மை, சுதந்திரம். தணிக்கையாளர் தலையங்கத்தைப் படித்தார். மரண அறிவிப்பைப் படிக்கவில்லை. நாக்ஸ் தேதியில் ஒளித்ததை இவ்விளம்பரம் பெயரில் ஒளித்தது.

ஆங்கிலத்தில் இதற்குச் சற்று முக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு ஓ'கிரஸி என்று பெயரிருப்பதை நம்ப அயர்லாந்துவரை போக வேண்டும். தமிழிலோ இது இயல்பாகவே அமைகிறது. நம் பெயர்முறையில் தலைப்பெழுத்து முன்னால் வரும். நாயகம் என்பது ஊருக்கு ஒருவர் வைத்திருக்கும் பெயர். 'திரு. ஜன. நாயகம் அவர்கள் இயற்கை எய்தினார். துணைவியார் வாய்மைச்செல்வி' என்று போட்டிருந்தால் தணிக்கையாளர் வருத்தம் தெரிவித்து மாலையே அனுப்பியிருப்பார்.

நான்காண்டு கழித்து நடந்ததைக் கேலியில் சேர்க்க இயலாது. 1979 மார்ச்சில் ஜெயப்பிரகாஷ் நாராயண் பம்பாய் மருத்துவமனையில் இருந்தார். அவர் இறந்துவிட்டதாகப் பிரதமர் மொரார்ஜி தேசாயே மக்களவையில் அறிவித்தார். அவை இரங்கல் தெரிவித்து ஒத்திவைக்கப்பட்டது; வானொலி வழக்கமான நிகழ்ச்சிகளை நிறுத்தியது. ஜே.பி. உயிருடன் இருந்தார். உண்மையில் அவர் மறைந்தது அதே ஆண்டு அக்டோபர் 8 அன்று. ஒரு நாடு தன் தலைவருக்கு ஒருமுறை ஒத்திகையாக அழுதது. பின்னர் இதைக் கேட்டபோது அவர் புன்னகைத்தார் என்பர்.

7. சில தலைப்புகள்

இனி என் சொந்தச் சரக்கு. நாக்ஸ் வகுத்த வழியில் எல்லாவற்றுக்கும் தேதி ஜூன் 31. ஒரேயொரு நிகழ்ச்சியை மட்டும் மாற்றிக்கொள்கிறேன்.

முதலாவது: 1911 டிசம்பர் 12 அன்று டில்லி தர்பாரில், தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து மாற்றும் அறிவிப்பை ஐந்தாம் ஜார்ஜ் வாசிக்க மறந்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம்.

'நாடாளுமன்றத்தில் முழங்காலளவு மழைநீர்: எதிர்க்கட்சிகள் வெளிநடப்பு முடிவு, வெளியே இடுப்பளவு என்பதால் ஒத்திவைப்பு.'

'டில்லி நகரசபை மகஜர்: எங்கள் ஊருக்கும் ஒரு மத்திய அரசு அலுவலகம் வேண்டும், தபால் ஆபீஸ் ஆயினும் போதும்.'

விடுதியில் அடுத்த அறையிலிருக்கும் வங்காள நண்பர் இரண்டையும் படித்துவிட்டு, மூன்றாவதாக ஒன்றைச் சேர்த்தே ஆக வேண்டும் என்றார்: 'இல்சா மீன் வரத்து தொடக்கம்: மழைக்காலக் கூட்டத்தொடர் தேதி குறிப்பிடாமல் தள்ளிவைப்பு.' தலைநகரை இழந்த துயரம் நான்கு தலைமுறை கடந்தும் ஆறவில்லை போலும்.

மெய்யான வரலாறும் இதற்கு இளைத்ததன்று. தர்பார் முடிந்த சில நாளில் மன்னரும் அரசியாரும் புதிய தலைநகருக்கு அடிக்கல் நாட்டினர். பின்னர் வல்லுநர்கள் அவ்விடம் பொருந்தாது என்றனர். கற்களைப் பெயர்த்து ரைசினா பக்கம் கொண்டுபோனார்கள். அடிக்கல் நாட்டி, பிறகு அடிக்கல்லையே இடமாற்றம் செய்த நகரம் புதுடில்லி. அங்கே அரசு ஊழியர்கள் இடமாற்றத்துக்கு அஞ்சுவதில் வியப்பில்லை.

இரண்டாவது: 1957 ஏப்ரல் 1. அதுவரை ஒரு ரூபாய்க்கு 16 அணா, 64 பைசா, 192 தம்பிடி. அன்று முதல் 100 நயா பைசா. முட்டாள்கள் தினத்தில் அரசு இதைத் தொடங்கியதால் மெய்ச்செய்தியே பொய்ச்செய்திபோல் இருந்திருக்கும். இம்மாற்றம் நடக்கவில்லை என்று கொள்வோம்.

'கைப்பேசிப் பணப்பரிமாற்றச் செயலியில் தம்பிடிப் பொத்தான் பழுது: தேநீர்க் கடைகளில் கைகலப்பு.'

'மூன்றே காலணாவில் பதினெட்டு விழுக்காடு எவ்வளவு? வரி அலுவலர் மூவர் மருத்துவமனையில் அனுமதி.'

மூன்றாவது: 1983 ஜூன் 25, லார்ட்ஸ் மைதானம். இந்தியா எடுத்தது 183. ரிச்சர்ட்ஸ் 33 ஓட்டங்களுடன் அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தார். மதன் லால் பந்தில் அவர் தூக்கியடித்ததைக் கபில் தேவ் பின்னோக்கி ஓடிப் பிடித்தார். மேற்கிந்தியத் தீவுகள் 140இல் சுருண்டன. இப்போது அந்தப் பந்தைக் கபிலின் விரலிடையே நழுவவிடுவோம்.

'மூன்றாம் முறையும் கோப்பை மேற்கிந்தியத் தீவுகளுக்கே. (விவரம் 11ஆம் பக்கம், காய்கறி விலைக்குக் கீழே.)'

'ஹாக்கி மட்டைகளுக்குக் கடுந்தட்டுப்பாடு: பெற்றோர் மறியல்.'

'பள்ளி மாணவர் கணிதத் தேர்ச்சி திடீர் உயர்வு. காரணம் அறியாது கல்வித்துறை திகைப்பு.'

எழுதியதைத் தின்ற ஆசிரியரைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? அந்தப் போட்டித் தொடருக்கு முன், இந்தியா இப்படியே ஆடுவதானால் விலகிக்கொள்ளலாம் என்ற பொருள்பட 'விஸ்டன் கிரிக்கெட் மன்த்லி' ஆசிரியர் டேவிட் ஃபிரித் எழுதியிருந்தார். வென்ற பிறகு ஒரு வாசகர், எழுதியதைத் தின்னுமாறு கேட்டு மடல் விடுத்தார். ஃபிரித் அந்தத் தாளை உண்மையாகவே வாயிலிட்டுத் தின்றார்; படமும் எடுத்து வெளியிட்டார். இதழ்நெறி என்பதற்கு இதைவிடச் செரிமானமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

8. சான்றாக மாறும் சிரிப்பு

இவ்வளவும் விளையாட்டு. விளையாட்டு முடியுமிடம் ஒன்று உண்டு. இன்று ஒரு பழைய நாளிதழ்க் கத்தரிப்பைப் போலியாகச் செய்ய ஐந்து நிமிடம் போதும். நகைச்சுவையாகச் செய்யப்பட்ட படம், மூன்றாவது குடும்பக் குழுவுக்குப் போகையில் 'வரலாறு மறைத்த உண்மை' ஆகிறது. கருத்தரங்கு ஒன்றில், ஊரறிந்த கேலிப்படம் ஒன்று ஆவணச் சான்றாகத் திரையில் காட்டப்பட்டதை நான் கண்டிருக்கிறேன். அரங்கில் சிலர் சிரித்தனர், பலர் குறிப்பெடுத்தனர்.

தமிழ் நாளிதழ்ப் போலிகளைக் கண்டறிய மொழி சில தடயங்களைத் தருகிறது. முதலாவது எழுத்து. 'லை', 'ளை', 'னை', 'ணை' ஆகியவை பழைய அச்சில் யானைத் துதிக்கைபோல் வளைந்த வடிவில் இருந்தன. 'ணா', 'றா', 'னா' ஆகியவற்றுக்கும் தனி வடிவங்கள். தமிழ்நாடு அரசு சீர்திருத்த எழுத்தை ஏற்றது 1978இல். ஆகவே 1947ஆம் ஆண்டுத் தலைப்பில் 'விடுதலை' என்ற சொல் இன்றைய 'லை'யுடன் இருந்தால் ஐயுற வேண்டும். அதற்கும் விலக்கு உண்டு: பெரியார் 1935 முதலே தம் இதழ்களில் சீர்திருத்த எழுத்தைப் பயன்படுத்தினார். எனவே இதழின் பெயரையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இரண்டாவது சொல். 1930களின் தேர்தல் செய்தியில் 'வேட்பாளர்' என்றிருந்தால் சற்று நின்று பாருங்கள்; அக்கால இதழ்களில் பெருவழக்கு 'அபேட்சகர்'. கூட்டத் தலைவர் 'அக்கிராசனர்', பேச்சு 'பிரசங்கம்', அமைச்சர் 'மந்திரி'. ஒரு சொல் மட்டும் முடிந்த சான்றாகாது. ஆனால் தலைப்பில் உள்ள எல்லாச் சொற்களும் நேற்றுப் பிறந்தவையாக இருந்தால், தாள் எவ்வளவு மஞ்சளாக இருந்தும் பயனில்லை. போலி செய்பவர்கள் தாளைப் பழையதாக்குகிறார்கள். தமிழைப் பழையதாக்க மறந்துவிடுகிறார்கள்.

9. முடிவாக

எந்தத் தலைப்பையும் மாற்றி எழுதலாமா? 1943 ஆகஸ்டில் 'ஸ்டேட்ஸ்மேன்' இதழ் வங்கப் பஞ்சத்தின் படங்களை வெளியிட்டது. தெருவில் கிடந்தவர்களை நாடும் உலகும் கண்டன. 'தானியம் உரிய காலத்தில் வந்திருந்தால்' என்று அங்கேயும் ஒரு மாற்று வரலாறு உண்டு. அதைத் தலைப்பாக்கிச் சிரிக்க இயலாது. அந்த 'இருந்தால்' முழுதாக, உரத்து, வெட்டப்படாமல் சொல்லப்பட வேண்டியது. அது யாரிடமோ கணக்குக் கேட்கும் சொல். டைட்டானிக்கின் மாலைத் தலைப்பும் அப்படிப்பட்டதே. மன்னர்களையும் அமைச்சர்களையும் ஆரூடம் சொல்வோரையும் இதழாசிரியர்களையும் எவ்வளவு வேண்டுமானாலும் நழுவ விடலாம். மாண்டவர்களை விட்டுவிடுவோம்.

இனி உங்கள் முறை. இந்திய வரலாற்றிலிருந்து ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றுங்கள். அதனால் உலகம் அழியவோ பொற்காலம் பிறக்கவோ வேண்டாம். தேநீர்க் கடையில் என்ன மாறியிருக்கும் என்று யோசியுங்கள், சிரிப்பு அங்கேதான் கிடைக்கிறது. ஒரே தலைப்பாக எழுதிக் கீழே இடுங்கள். தேதி போட மறவாதீர்கள்.

ஜூனுக்கு 31. பிப்ரவரிதான் வேண்டும் என்போர் 30 போட்டுக்கொள்ளலாம்.